பார்ஃபே கோப்பைக்குள் ஒரு விஞ்ஞானி

டவுன்டவுன் டொராண்டோவில் வேலை செய்பவர்களுக்கு 'பாத்' என்கிற நிலத்தடி நடைபாதை தெரிந்திருக்கும். 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தச் சுரங்க உலகத்தில், காலை எட்டரை மணிக்கு ஏதாவது ஒரு காபிக் கடை கவுன்ட்டர் முன்னால் நின்று பாருங்கள். கண்ணாடி அலமாரியில் மஃபின், டோனட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் கோப்பைகள். கீழே வெள்ளையாய் யோகர்ட், நடுவில் சிவப்பாய் ஸ்ட்ராபெரி, மேலே பொரித்த நிறத்தில் கிரனோலா. பெயர் பார்ஃபே. பிரெஞ்சு மொழியில் 'குறையில்லாதது' என்று அர்த்தம். அந்தப் பெயர் முதலில் வந்தது க்ரீம், முட்டை, சர்க்கரைப் பாகு சேர்த்து உறைய வைத்த ஒரு இனிப்புக்கு. வட அமெரிக்காவுக்கு வந்ததும் அது காலை உணவாகி, ஆரோக்கிய உணவு என்ற பட்டமும் வாங்கிவிட்டது.

நம்ம ஆட்கள் நிறைய பேர் இதை வாங்குகிறார்கள். டோனட் வாங்கினால் மனசு உறுத்தும், பார்ஃபே வாங்கினால் உறுத்தாது. காரணம் அந்த யோகர்ட்தான். யோகர்ட் என்றாலே உடம்புக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது, ஆயுளுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. நமக்கு இது புதுசு இல்லை, தயிர் சாதத்தோடு சாப்பாட்டை முடிக்கும் சமூகம் நாம். ஆனால் தயிர் என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்த மேற்கு ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஒரே ஒரு மனிதரிடமிருந்து வந்தது. அவர் பெயர் இலியா மெச்னிகோவ். 1908-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். நோபல் கிடைத்தது தயிருக்காக இல்லை என்பது வேறு விஷயம்.

அவர் கதைக்குப் போவதற்கு முன் கோப்பையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். சர்க்கரை சேர்க்காத, முழுக் கொழுப்பு யோகர்ட் 150 கிராம் எடுத்தால் சுமார் 90 கலோரி, 5 கிராம் புரதம், 180 மில்லிகிராம் கால்சியம். அதிலுள்ள ஏழு கிராம் சர்க்கரை பாலிலேயே இருக்கும் லாக்டோஸ். தண்ணீரை வடித்த கிரேக்க யோகர்ட் என்றால் புரதம் 14, 15 கிராம் வரை போகும், ஆனால் வடியும் நீரோடு கொஞ்சம் கால்சியமும் போய்விடும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 கிடைக்கும் சில வழிகளில் இது ஒன்று. ஸ்ட்ராபெரி 100 கிராமில் 5 கிராம் சர்க்கரை, 2 கிராம் நார்ச்சத்து, கிட்டத்தட்ட 60 மில்லிகிராம் வைட்டமின் சி. இதுவரை எல்லாம் நல்ல கணக்குதான். கிரனோலாவில்தான் விஷயம் மாறுகிறது. 40 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, 180-லிருந்து 200 கலோரி. ஓட்ஸை எண்ணெயும் தேனும் அல்லது சர்க்கரையும் சேர்த்து வறுத்தால் அப்படித்தான் வரும். கடைக் கோப்பையில் அடியில் இருப்பதும் பெரும்பாலும் வெறும் யோகர்ட் இல்லை, வனிலா சுவையூட்டி இனிப்பாக்கியது. பழமும் சில கடைகளில் பழம் இல்லை, பழப்பாகு. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் மொத்தச் சர்க்கரை 25 கிராமைத் தொடுவது ரொம்ப சகஜம். நாலு கிராம் ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மா அப்பா இருவருக்கும் சுகர் உள்ள வீட்டிலிருந்து வந்த என் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தெற்காசியர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்று கனடா டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

சரி, மெச்னிகோவ்.

1845-இல் இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசு. அப்பா காவல்படை அதிகாரி, அம்மா யூதப் பின்னணி கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். பையன் படிப்பில் சூரன். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். அப்புறம் ஜெர்மனி, இத்தாலி என்று சுற்றிக் கடல் பிராணிகளை ஆராய்ந்தார். இருபத்தைந்து வயதுக்குள் ஒடெசா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இன்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர்தான்.

வேலையில் இவ்வளவு வேகமாக மேலே போனவருக்கு வீட்டில் நேர்மாறு. 1869-இல் லுத்மிலாவைக் கல்யாணம் செய்துகொண்டபோதே அவருக்கு நுரையீரல் நோய். நடக்க முடியாமல் மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்கள். மனைவியின் உடம்பைத் தேற்ற வெயில் தேடி அலைந்தார். கடைசியில் மதீரா தீவு. 1873-இல் அங்கேயே காசநோயில் லுத்மிலா இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் மெச்னிகோவ் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அந்த இரவில் விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளைப் பார்த்ததும், ஒருசில மணி நேரமே வாழும் இவற்றுக்கு இயற்கைத் தேர்வு எப்படிப் பொருந்தும் என்று யோசனை ஓடியதாகவும், அந்த யோசனைதான் அவரை வாழ்க்கைக்குத் திரும்ப இழுத்ததாகவும் சொல்வார்கள். ஆராய்ச்சியாளனின் மனசு எங்கே எப்போது விழித்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்!

1875-இல் ஒல்காவை மணந்தார். மேல்மாடியில் குடியிருந்த, சத்தத்துக்குப் பஞ்சமில்லாத பெரிய குடும்பத்துப் பெண். இவர்தான் அவருக்கு விலங்கியல் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1880 வாக்கில் ஒல்காவுக்கு டைபாய்டு கண்டு உயிருக்கே ஆபத்து. அடுத்து அண்ணன் இவான். துலா நகர நீதிமன்றத்தில் இருந்த அவர் 1881-இல் நாற்பத்தைந்து வயதில் இறந்தார். தம்பி படுக்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அந்த மரணத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட டால்ஸ்டாய்தான் பிறகு 'இவான் இலியிச்சின் மரணம்' எழுதினார். சாவு என்பது அண்ணனை எப்படிப் பயமுறுத்தியது என்று அருகிலிருந்து பார்த்தவர், பிற்காலத்தில் முதுமையையும் சாவையும் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முதுமையியலுக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் 'ஜெரன்டாலஜி' என்ற பெயரை வைத்தவரே அவர்தான்.

1882-இல் பல்கலைக்கழக அரசியல் பிடிக்காமல் வேலையை விட்டுவிட்டு சிசிலித் தீவின் மெசினாவுக்குக் குடும்பத்தோடு போனார். ஒருநாள் வீட்டில் எல்லோரும் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க சர்க்கஸுக்குப் போயிருந்தார்கள். இவர் மட்டும் நுண்நோக்கியில் நட்சத்திர மீனின் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் உடம்பு. உள்ளே சில செல்கள் இங்குமங்கும் நகர்கின்றன. அந்நியப் பொருள் எதையாவது உள்ளே செருகினால் இந்தச் செல்கள் அதைச் சூழ்ந்து கொள்ளுமோ என்று தோன்றியது. தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முள்ளை ஒடித்து வந்து குத்தி வைத்தார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்து பார்த்தால், முள்ளைச் சுற்றி அந்தச் செல்கள் மொய்த்துக் கிடந்தன.

கிருமியை விழுங்கும் செல்கள் நம் உடம்பில் உண்டு என்ற கண்டுபிடிப்பு அங்கே பிறந்தது. 'பேகோசைட்' என்று பெயர். பத்தாம் வகுப்பு உயிரியலில் வெள்ளை அணுக்கள் கிருமியைத் தின்னும் படம் வரைந்திருப்போமே, அது இதுதான். ஜெர்மன் விஞ்ஞானிகள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்ப்பு சக்தி ரத்தத் திரவத்தில்தான் இருக்கிறது, செல்லில் இல்லை என்று இருபது வருடம் சண்டை. கடைசியில் 1908-இல் நோபல் குழு இரண்டு கட்சிக்கும் சேர்த்தே பரிசைக் கொடுத்தது. திரவக் கட்சியின் பால் எர்லிக்குக்குப் பாதி, இவருக்குப் பாதி. இன்றைக்குப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி.

1888-இல் பாரிஸ் போனபோது லூயி பாஸ்டர் தன் புதிய ஆய்வு நிறுவனத்தில் இவருக்கு ஒரு கூடம் கொடுத்தார். சாகும்வரை அங்கேதான். 1892-இல் பிரான்ஸில் காலரா பரவியது. காலராக் கிருமியைச் சிலர் விழுங்கியும் நோய் வராமல் தப்புவது ஏன் என்று பார்க்க, கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்தார் மெச்னிகோவ். ஒன்றும் ஆகவில்லை. தானாக முன்வந்த இன்னொருவர் குடித்தார், அவருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாமவர் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படிப்பட்ட சோதனைக்கு அனுமதி கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. ஆனால் அந்த விபரீதத்திலிருந்து அவருக்கு ஒரு கேள்வி கிடைத்தது. ஒரே கிருமி ஒருவரைத் தாக்குகிறது, இன்னொருவரை விட்டுவிடுகிறது. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் மற்றக் கிருமிகள்தான் இதைத் தீர்மானிக்கின்றனவோ? இன்று குடல் நுண்ணுயிர் என்று தினம் ஒரு செய்தி வருகிறதே, அதன் முதல் கேள்விகளில் ஒன்று இது.

கேள்வி அருமை. அதற்கு அவர் கண்ட பதில்தான் கொஞ்சம் எல்லை மீறிவிட்டது. பெருங்குடலில் உணவு அழுகுகிறது, அந்த அழுகலில் வரும் நச்சுதான் நம்மைக் கிழவனாக்குகிறது, பெருங்குடல் என்பதே மனிதனுக்குத் தேவையில்லாத சுமை என்கிற அளவுக்குப் போனார். இங்கிலாந்தில் ஒரு அறுவை மருத்துவர் இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்த கதையும் உண்டு. நல்லவேளை, மெச்னிகோவ் கத்தியைப் பரிந்துரைக்கவில்லை. அவர் பரிந்துரைத்தது புளித்த பால். பால் ஏன் புளித்தபின் கெடாமல் நிற்கிறது? லாக்டிக் அமிலம் அழுக விடுவதில்லை. அப்படியானால் அந்த அமிலத்தைத் தரும் பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றினால்? பல்கேரியக் கிராமங்களில் யோகர்ட் சாப்பிடுபவர்கள் ரொம்பக் காலம் வாழ்கிறார்கள் என்ற தகவலும் கையில் இருந்தது. 1905-இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த பல்கேரிய இளைஞர் ஸ்தாமென் கிரிகோரோவ் அந்த யோகர்ட்டிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டினார். இன்றும் யோகர்ட் டப்பாவில் 'பல்கேரிகஸ்' என்று ஒரு பெயர் பார்ப்பீர்கள், அதுதான்.

1904-இல் பாரிஸில் முதுமையைப் பற்றி மெச்னிகோவ் ஒரு பொது உரை நிகழ்த்தினார். அடுத்த நாளிலிருந்து பத்திரிகைகளில் அதே பேச்சு. 1907-இல் ஆயுள் நீடிப்பு பற்றிய புத்தகமும் வந்தது. மருந்துக் கடைகளில் புளித்த பால் தூளாகவும் மாத்திரையாகவும் விற்றது. இவர் பெயரைப் போட்டு விற்ற கம்பெனியால் இவருக்குப் பணம் வருவதாகப் புரளி கிளம்பியது. ஒரு காசும் வாங்கவில்லை என்று ஒல்கா பிறகு எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அழுத்திச் சொல்கிறார். ஒரு சுவையான விவரம்: வெறும் கல்ச்சரை விழுங்குகிறவர்கள் கூடவே ஜாம் மாதிரி ஏதாவது இனிப்பும் சாப்பிட வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். பாக்டீரியா அமிலம் உண்டாக்க அதற்குச் சர்க்கரை வேண்டுமே! தயிருக்குள் ஜாமைக் கொட்டுபவர்கள் இந்த வரியைக் காட்டித் தப்பிக்கலாம். பாலில் லாக்டோஸ் ஏற்கெனவே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட வேண்டும்.

இந்த இடத்தில் கோப்பையின் மேல் அடுக்கும் கதைக்குள் வருகிறது. ஒன்டாரியோ ஏரிக்கு அந்தப் பக்கம், நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில்லில் சிகிச்சை இல்லம் நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் 1863-இல் தவிட்டோடு கூடிய கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு ஒரு உணவு செய்தார். 'கிரனுலா' என்று பெயர். கல்லு மாதிரி இருக்கும், ராத்திரியே பாலில் ஊறப்போட வேண்டும். மிச்சிகனின் பேட்டில் கிரீக் இல்லத்தில் ஜான் ஹார்வி கெல்லாக் அதே மாதிரி ஒன்று செய்து அதே பெயரை வைத்தார், சண்டை வந்ததும் ஒரே ஒரு எழுத்தை மாற்றி 'கிரனோலா' ஆக்கினார். இந்தக் கெல்லாக் மெச்னிகோவின் பெரிய ரசிகர். தன் நோயாளிகளுக்கு யோகர்ட்டை வாய் வழியாகவும் கொடுத்தார், எனிமா வழியாகவும் கொடுத்தார். அதற்கு மேல் விவரம் வேண்டாம், காலை உணவு பற்றிய கட்டுரை இது. கவனிக்க வேண்டியது, அவருக்குச் சர்க்கரை என்றாலே ஆகாது. தம்பி வில் கெல்லாக் கார்ன்ஃபிளேக்ஸில் சர்க்கரை சேர்க்க, அண்ணன் தம்பிக்குள் நிரந்தரப் பகை. ஆக, கிரனோலாவும் சரி, யோகர்ட்டும் சரி, நோயாளிக்கான பத்தியச் சாப்பாடாகத்தான் பிறந்தன.

மெச்னிகோவ் தன் சிபாரிசைத் தானே கடைப்பிடித்தார். வருடக்கணக்கில் தினமும் புளித்த பால், பச்சையாக எதையும் சாப்பிடுவதில்லை. 1909-இல் டால்ஸ்டாயைப் போய்ச் சந்தித்தார். ஒருவர் ஆன்மாவைப் பற்றிப் பேச, மற்றவர் குடலைப் பற்றிப் பேச, இரண்டு கிழவர்களும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் பொதுவான முடிவு. பிறகு உலகப் போர் வந்தது. ஆய்வுக்கூடத்து இளைஞர்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டார்கள். இதய நோய் முற்றி, 1916 ஜூலை 15 அன்று பாரிஸில் இறந்தார். வயது 71. நூறைத் தாண்டி வாழலாம் என்று சொன்னவர் 71-இல் போய்விட்டார் என்று கேலி பேச ஆளுக்குப் பஞ்சமா? அவருடைய குடும்பத்தில் பலர் இளவயதிலேயே இதய நோயில் போனவர்கள், தான் இவ்வளவு தூரம் வந்ததே அதிகம் என்பது அவர் கணக்கு. கடைசி நேரத்தில் டாக்டர் நண்பர் ஒருவரிடம், பிரேதப் பரிசோதனையின்போது குடலைக் கவனமாகப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். மூச்சு நிற்கும் தருணத்திலும் தன் கோட்பாட்டுக்குத் தன் உடம்பையே சோதனைப் பொருளாகக் கொடுத்தவர். அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்தில் ஒரு கலசத்தில் இருக்கிறது.

அவர் போனபின் கோட்பாடும் அடி வாங்கியது. பல்கேரிகஸ் பாக்டீரியா மனிதக் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கரின் குழு காட்டியது. வருகிறது, போய்விடுகிறது. ஆனால் போகிற வழியில் ஒரு வேலை செய்கிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு யோகர்ட்டிலுள்ள லாக்டோஸைச் செரிக்க உயிருள்ள அந்தப் பாக்டீரியா உதவுகிறது. இது நிரூபணமான விஷயம், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஒப்புக்கொண்டது. பால் குடித்தால் வயிறு உப்புகிற நம்ம ஊர்க்காரர்கள் பலர் மோரும் தயிரும் பிரச்சினையில்லாமல் சாப்பிடுவது இதனால்தான்.

டொராண்டோ குளிரில் வீட்டில் உறை ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாக்டீரியாவின் குணம் தெரியும். மைனஸ் பதினைந்தில் சமையலறை மேடையில் வைத்தால் மறுநாளும் பாலாகவே இருக்கும். அவனை எரியவிடாமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு வைத்தால் காலையில் கத்தியால் வெட்டலாம். 43, 44 டிகிரி சூடுதான் இதற்குப் பிடிக்கும். உண்மையில் வேலை செய்வது இரண்டு பேர். தெர்மோபிலஸ் முதலில் வேலையைத் தொடங்கி பல்கேரிகஸுக்கு வேண்டிய ஃபார்மிக் அமிலத்தைத் தருகிறது, பல்கேரிகஸ் பால் புரதத்தை உடைத்துத் தெர்மோபிலஸுக்குத் தீனி போடுகிறது. இரண்டு டீம் இப்படி ஒழுங்காக ஒத்துழைத்து நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. ஊரிலிருந்து வந்த அம்மா கடைக் கோப்பையை ருசி பார்த்துவிட்டு, தயிரில் சர்க்கரையைக் கொட்டிப் பொரியைத் தூவி ஆறு டாலரா என்று கேட்டார். ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டிலோ எருமைத் தயிரும் கித்துள் பாணியும்தான் அசல் பார்ஃபே என்று அடித்துச் சொல்வார்கள். ருசியில் மறுப்பில்லை. சர்க்கரைக் கணக்கில் பாணியும் பாகும் ஒன்றுதான். அதை அவர்களிடம் சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

வீட்டில் செய்வதென்றால் சுலபம். இனிப்பில்லாத தயிர் ஒரு கிண்ணம், பழம் ஒரு கைப்பிடி, கிரனோலா இரண்டு டேபிள்ஸ்பூன், அல்லது வறுத்த ஓட்ஸும் கொஞ்சம் பாதாமும். சர்க்கரை பாதிக்கும் கீழே வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்குக் கொடுத்தாலும் தயிர் சாத டப்பாவைப் போல முகம் சுளிக்க மாட்டார்கள், உள்ளே இருப்பது அதே தயிர்தான் என்றாலும். 2026 ஜனவரி 1 முதல் கனடாவில் சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு அதிகமுள்ள பொட்டல உணவுகளின் முன்பக்கத்தில் எச்சரிக்கைக் குறி கட்டாயம் ஆகியிருக்கிறது. பெட்டியைத் திருப்பச் சோம்பல்படுகிறவர்களுக்கு அது உதவும்.

இந்தச் சர்க்கரை யோகர்ட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பது மிச்சமிருக்கிறது. மெச்னிகோவ் இறந்து மூன்று வருடம் கழித்து, 1919-இல் பார்சிலோனாவில் ஐசக் கராசோ என்பவர் குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கு யோகர்ட் செய்து மருந்துக் கடைகளில் விற்றார். மகன் டேனியலின் செல்லப் பெயரைக் கொண்டு 'டானோன்' என்று பெயர் வைத்தார். அந்த மகன் மெச்னிகோவ் வேலை பார்த்த அதே பாஸ்டர் நிறுவனத்தில் பாக்டீரியாவைப் பற்றிப் படித்தார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குத் தப்பி நியூயார்க் போய், கூட்டாளிகளோடு பிராங்ஸில் ஒரு சின்ன யோகர்ட் கம்பெனியைத் தொடங்கினார். புளிப்பு அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவில்லை. வியாபாரம் படுத்தது. 1947-இல் கோப்பையின் அடியில் ஸ்ட்ராபெரி ஜாமை வைத்தார்கள், விற்பனை எகிறியது. டேனியல் கராசோ 2009-இல் பாரிஸில் இறந்தபோது அவருக்கு வயது 103.